வேனுக்குள் பேட்டரி மக்கர் செய்கிறதா? அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

ஃபிரிட்ஜ் நின்றால் பேட்டரி போச்சு, மிக்ஸி முனகினால் பேட்டரி போச்சு, சோலார் ஏறாவிட்டாலும் பேட்டரி போச்சு. வேனில் குடியிருப்பவர்களின் முதல் வார்த்தை இதுதான். தேடிப் பார்த்தால் குற்றவாளி பெரும்பாலும் வேறு எங்கோ இருக்கும். மெல்லிய ஒயர், தளர்ந்த லக் (ஒயர் நுனியில் டெர்மினலோடு மாட்டும் உலோக வளையம்), மத்தியான வெயில், அணைக்காமல் விட்ட இன்வெர்ட்டர் என்று ஏதாவது ஒன்று. புதுப் பேட்டரிக்குப் பணம் கட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியவற்றை, கண்ணில் படும் அறிகுறியை வைத்து இங்கே பிரித்திருக்கிறேன். உங்களுக்குத் தேவையான தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். அதற்கு முன் அடுத்த இரண்டு பத்திகளை மட்டும் படித்துவிடுங்கள்.

நம் சாலைகளில் இரண்டு வகை ஏற்பாட்டைப் பார்க்கலாம். ஒன்று, கைப்பிடி வைத்த பவர் ஸ்டேஷன். பேட்டரி, இன்வெர்ட்டர், சார்ஜர் எல்லாம் ஒரே பெட்டிக்குள் இருக்கும். நடுத்தர அளவுப் பெட்டி சுமார் ஒரு யூனிட் (1000 வாட்-மணி) கரண்ட் பிடிக்கும். இன்னொன்று, 12 வோல்ட் 100 ஆம்ப்-மணி லித்தியம் பேட்டரியைத் தனியாக வாங்கி, இன்வெர்ட்டரையும், பேனல் கரண்டைப் பேட்டரிக்கு ஏற்றபடி கட்டுப்படுத்தும் சோலார் கன்ட்ரோலரையும் நாமே கோத்துக்கொள்வது. இது ஒன்றேகால் யூனிட்டுக்குச் சற்று மேல் பிடிக்கும். வண்டியில் கை வைத்தால் ஆர்.டி.ஓ. ஆபீஸ் படியேற வேண்டுமே என்று முதல் வகைக்குப் போகிறவர்களே அதிகம். கோளாறுகள் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

கையில் ஒரு மல்டிமீட்டர் வேண்டும். முடிந்தால் கிளாம்ப் மீட்டரும் வாங்குங்கள். ஆனால் டி.சி. ஆம்ப் (பேட்டரி கரண்ட்) அளக்குமா என்று கடையில் கேட்டு வாங்குங்கள், மலிவானவற்றில் பல வீட்டுக் கரண்டை மட்டும்தான் அளக்கும். அளக்கும் முறை ஒன்றே ஒன்றுதான்: லோடு, அதாவது கரண்ட் இழுக்கும் பொருள், ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரி டெர்மினலில் ஒரு முறை, அந்தப் பொருளுக்குள் கரண்ட் நுழையும் இடத்தில் ஒரு முறை. இரண்டுக்கும் இடையில் வோல்ட் எவ்வளவு தொலைகிறது என்பதுதான் கேள்வி. லோடு இல்லாமல் அளந்தால் இற்றுப்போன ஒயர்கூட நல்ல வோல்ட் காட்டும். மோதிரம், காப்பு இருந்தால் கழற்றிவிடுங்கள். 12 வோல்ட் ஷாக் அடிக்காது, ஆனால் இரண்டு டெர்மினலுக்கும் குறுக்கே ஒரு ஸ்பானர் விழுந்தால் நூற்றுக்கணக்கான ஆம்ப் பாய்ந்து ஸ்பானர் அங்கேயே ஒட்டிக்கொள்ளும்.

பேட்டரி உப்பியிருக்கிறது, நெயில் பாலிஷ் மாதிரி வாசனை வருகிறது, சும்மா இருக்கும்போதே சுடுகிறது

இதற்குச் சரிபார்ப்பு எதுவும் கிடையாது. சார்ஜ், லோடு இரண்டையும் பிடுங்குங்கள். கையால் தொட முடிகிற சூடு என்றால் வண்டிக்கு வெளியே, மண் தரையில், எரியக்கூடிய பொருள் எதுவும் அருகில் இல்லாத இடத்தில் வையுங்கள். புகை வந்தாலோ சீறல் கேட்டாலோ எடுக்கப் போகாதீர்கள். ஆட்களை இறக்கிவிட்டு 112-ஐ அழையுங்கள். பவர் பேங்க் உப்பினாலும் இதே கதைதான். மூடி கொஞ்சம் தூக்கினாற்போல இருந்தாலே அதன் ஆயுள் முடிந்தது. அதைக் குப்பைத் தொட்டியில் போடாமல் மின்கழிவு வாங்குபவரிடம் கொடுங்கள், குப்பை வண்டியில் நசுங்கினால் அங்கே பற்றிக்கொள்ளும்.

ராத்திரி 80 சதவீதம் இருந்தது, காலையில் 20

"எதுவுமே ஓடலையே" என்பார்கள். ஓடியிருக்கும். பெட்டியில் 230 வோல்ட் அவுட்புட் பட்டன் எரிந்துகொண்டிருந்தால், அதில் எதையும் செருகாவிட்டாலும் இன்வெர்ட்டர் தனக்கென்று 10 முதல் 20 வாட் தின்னும். பத்து மணி நேர இரவுக்கு 15 வாட் என்று வைத்தால் 150 வாட்-மணி. ஒரு யூனிட் பெட்டியில் 15 சதவீதம் இதற்கே போய்விட்டது.

மீதியையும் கூட்டிப் பார்ப்போம். 45 வாட் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ் மொத்த நேரத்தில் நாற்பது சதவீதம் ஓடுகிறது என்றால் ராத்திரிக்கு 180 வாட்-மணி. கரண்ட் மிச்சம் பிடிக்கும் 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் எட்டு மணி நேரத்துக்கு 240. ஆகக் கூடி 570. எண்பதிலிருந்து இருபதுக்கு இறங்கியதற்குக் கணக்குச் சரியாகிவிட்டது, பேட்டரி மேல் எந்தத் தப்பும் இல்லை. இதில் ஃபேன் பழைய ரகம், 75 வாட் என்றால் ஃபேனுக்கே 600 போகும். அப்போது காலை வரை தாங்காது.

முதல் வேலையாக, படுக்கும்போது 230 வோல்ட் பட்டனை அணையுங்கள். ஃபோன், லேப்டாப் இரண்டையும் டைப்-சி துளையிலிருந்து நேராகச் சார்ஜ் செய்யுங்கள். பேட்டரியின் 12 வோல்ட்டை 230 ஆக்கி, அதை அடாப்டரில் மறுபடி 20 வோல்ட் ஆக்குவதில் ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் சூடாகப் போய்விடும். வைஃபை ரவுட்டர் பெரும்பாலும் 12 வோல்ட்டில்தான் ஓடும், அடாப்டரில் எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு நேராகக் கொடுக்கலாம். ஃபேனையும் 12 வோல்ட் ரகமாக மாற்றிவிட்டால் ராத்திரி இன்வெர்ட்டரே தேவைப்படாது.

பெட்டியில் 1000 வாட்-மணி என்று எழுதியிருந்தாலும் 230 வோல்ட் வழியாகக் கைக்கு வருவது 850 சொச்சம்தான். பவர் பேங்க்கும் அப்படியே. 20,000 எம்.ஏ.எச். என்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லுக்குச் சொன்ன கணக்கு, மொத்தம் 74 வாட்-மணி. 5,000 எம்.ஏ.எச். ஃபோனை நாலு முறை ஏற்றலாம் என்று நினைத்தால் மூன்றாவது முறையிலேயே மூச்சு வாங்கும். அது போலிப் பொருள் என்று அர்த்தமில்லை.

சார்ஜ் இருக்கிறது, ஆனால் நடுராத்திரியில் தானாக அணைந்துவிடுகிறது

மேலே சொன்னதற்கு நேர் எதிர். லோடு மிகக் குறைவாக இருந்தால் "யாரும் பயன்படுத்தவில்லை" என்று நினைத்துப் பெட்டி அவுட்புட்டை மூடிவிடும். சின்ன எல்.இ.டி. விளக்கு, கொசு விரட்டி மெஷின், மூச்சுக் கருவியின் காத்திருப்பு நிலை எல்லாம் அந்தக் கோட்டுக்குக் கீழே வரும். பெட்டியின் மொபைல் ஆப்பில் ஈகோ மோட், ஸ்டாண்ட்பை டைமர் என்று இரண்டு அமைப்புகள் இருக்கும். 12 வோல்ட் அவுட்புட்டுக்கு மட்டும் "எப்போதும் அணையாதே" என்று வையுங்கள். 230 வோல்ட்டுக்கு வைத்தால் முந்தைய தலைப்புக்கே திரும்பி வர வேண்டியிருக்கும்.

பேட்டரியில் பாதி சார்ஜ் இருக்கிறது, ஃபிரிட்ஜ் மட்டும் நின்று நின்று ஓடுகிறது

வேன் வாழ்க்கையில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் கோளாறு இது. புது ஃபிரிட்ஜ் வாங்கியவர்களும் உண்டு, புது பேட்டரி வாங்கியவர்களும் உண்டு. இரண்டும் தேவைப்பட்டிருக்காது.

12 வோல்ட் ஃபிரிட்ஜுக்குள் ஒரு காவல்காரன் இருக்கிறான். வோல்ட் ஒரு அளவுக்குக் கீழே போனால் கம்ப்ரஸரை நிறுத்திவிடுவான். அவன் பார்ப்பது ஃபிரிட்ஜின் வாய்க்கு வந்து சேரும் வோல்ட்டை மட்டும்தான், பேட்டரியில் எவ்வளவு இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. ஃபிரிட்ஜில் ஹை, மீடியம், லோ என்று மூன்று நிலை இருக்கும். ஹை என்றால் சுமார் 11 வோல்ட்டில் நிறுத்தும், ஒருமுறை நின்றால் 12.4 அளவுக்கு ஏறினால்தான் மறுபடி ஓடும். லோ என்றால் 10-க்கும் கீழே போன பிறகுதான் நிற்கும்.

இப்போது ஒயரைப் பாருங்கள். வண்டியின் பின்பக்க சாக்கெட்டுக்கு 1.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயர் நாலு மீட்டர் ஓடுகிறது என்று வைப்போம். போக நாலு, திரும்ப நாலு, மொத்தம் எட்டு மீட்டர். ஃபிரிட்ஜ் 5 ஆம்ப் இழுக்கும்போது வழியிலேயே அரை வோல்ட் காணாமல் போகும். கம்ப்ரஸர் கிளம்பும் நொடியில் 10 ஆம்ப் இழுத்தால் ஒரு வோல்ட் போகும். இதோடு சிகரெட் லைட்டர் சாக்கெட்டின் தொடுகை மோசமாக இருந்தால் இன்னொரு அரை வோல்ட். என்ஜின் அணைந்த வண்டியின் பேட்டரி 12.4 காட்டும்போது ஃபிரிட்ஜுக்குப் போய்ச் சேருவது 11-க்கும் குறைவு. கிளம்பும், நிற்கும். நின்றதும் இழுப்பு இல்லாததால் வோல்ட் ஏறும், மறுபடி கிளம்பும், மறுபடி நிற்கும்.

சோதிப்பது எளிது. ஃபிரிட்ஜ் ஓடும்போது பேட்டரி டெர்மினலில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஃபிரிட்ஜுக்குள் நுழையும் பின்னில் அளந்து பாருங்கள். பல ஃபிரிட்ஜுகளின் திரையே உள்ளே வரும் வோல்ட்டைக் காட்டும், அதையும் பயன்படுத்தலாம். வித்தியாசம் அரை வோல்ட்டுக்கு மேல் இருந்தால் கோளாறு வழியில்தான். சீகாப் (Secop) கம்பெனியின் கம்ப்ரஸர் வைத்த ஃபிரிட்ஜ் என்றால் கன்ட்ரோல் யூனிட்டில் ஒரு எல்.இ.டி. இருக்கும். அது ஒரு முறை சிமிட்டி இடைவெளி விட்டால் வோல்ட் போதவில்லை என்று பொருள். இரண்டு என்றால் குளிர்விக்கும் விசிறி அதிக ஆம்ப் இழுக்கிறது. மூன்று என்றால் மோட்டார் கிளம்பவில்லை. ஐந்து என்றால் கன்ட்ரோல் யூனிட்டே சூடாகிவிட்டது, அதாவது ஃபிரிட்ஜைச் சுவரோடு ஒட்டி வைத்திருக்கிறீர்கள்.

அடுத்து அந்த சிகரெட் லைட்டர் பிளக்கைக் கையில் எடுங்கள். அரை மணி நேரம் ஓடிய பிறகு அது சுட்டால் தொடுகை சரியில்லை. நுனியில் இருக்கும் மூடியைத் திருகினால் உள்ளே ஒரு கண்ணாடி ஃபியூஸ், அதற்குப் பின்னால் ஒரு சின்ன ஸ்பிரிங். சாலை அதிர்வில் இந்த மூடி தானாகத் தளர்ந்துவிடும். நுனி கறுத்திருக்கும், சில சமயம் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் உருகி ஸ்பிரிங் உள்ளே போய்ச் சிக்கியிருக்கும். சுத்தம் செய்து இறுக்கினால் கொஞ்ச நாள் ஓடும். ஆனால் சிகரெட் பற்றவைக்கச் சில நொடிகள் செருகுவதற்காகப் பிறந்த சாக்கெட்டில் ஃபிரிட்ஜை நாள் முழுக்க ஓட்டுவதே தப்பான ஏற்பாடு. பேட்டரியிலிருந்து 4 ஸ்கொயர் ஒயர் நேராக இழுத்து, பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் 15 ஆம்ப் ஃபியூஸ் போட்டு, முனையில் ஆண்டர்சன் கனெக்டர் (அதிக ஆம்ப் தாங்கும், இறுகப் பிடிக்கும் பிளக்) வைத்துவிடுங்கள். அதே எட்டு மீட்டரில் இழப்பு அரை வோல்ட்டிலிருந்து 0.2-க்கு இறங்கும்.

லித்தியம் பேட்டரியிலிருந்தோ பவர் ஸ்டேஷனிலிருந்தோ ஓட்டினால் ஃபிரிட்ஜை லோ நிலையில் வையுங்கள். அந்தப் பேட்டரியைக் காப்பாற்ற உள்ளேயே பி.எம்.எஸ். என்ற காவல் சர்க்யூட் இருக்கிறது. வண்டி ஸ்டார்ட் ஆகும் பேட்டரியிலிருந்து ஓட்டினால் மட்டும் ஹை.

மீட்டர் 40 சதவீதம் காட்டியது, அடுத்த நிமிடம் எல்லாம் அணைந்தது

ஈய பேட்டரியில் வோல்ட்டை வைத்து மீதியைச் சொல்லிவிடலாம். 12.7 முழுசு, 12.2 பாதி, 11.8 காலி. அதே பழக்கத்தில் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியைப் பார்த்தால் ஏமாறுவோம். அது நிறைந்த பிறகு 13.3-க்கு வந்து நின்று, கால்வாசி மீதி இருக்கும்வரை 13-ஐ விட்டு அதிகம் நகராது. அப்புறம் மலைச்சரிவுதான். வோல்ட்டைப் பார்த்துச் சதவீதம் சொல்லும் நூறு ரூபாய் மீட்டர் ஈய பேட்டரிக்கு எழுதிய கணக்கில் ஓடுகிறது. அதைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

சரியான வழி, நெகட்டிவ் ஒயரில் ஷன்ட் (ஓடும் ஆம்பை அளக்க உதவும் சின்ன உலோகப் பட்டை) வைத்துப் போகும் ஆம்பையும் வரும் ஆம்பையும் எண்ணுவது. ஷன்ட் வைத்தும் கணக்குத் தவறினால் வயரிங்கைப் பாருங்கள். பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலில் ஷன்டுக்குப் போகும் ஒயரைத் தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது. பின்னால் வந்து யாராவது ஒரு விளக்கின் நெகட்டிவை அங்கே நேராக மாட்டியிருந்தால் அந்த ஆம்ப் கணக்கில் வராது.

பவர் ஸ்டேஷனில் இந்த எண்ணிக்கை உள்ளேயே நடக்கும். நாள் முழுக்க 30-க்கும் 70-க்கும் நடுவில் வைத்தே பல வாரம் ஓட்டினால் எண்ணிக்கை மெதுவாக வழுவும். ஒருமுறை அது தானாக அணையும்வரை ஓட்டி, உடனே இடைவிடாமல் 100 வரை ஏற்றி, அதற்குப் பிறகும் இரண்டு மூன்று மணி நேரம் சார்ஜரில் விட்டுவிடுங்கள். இதில் இன்னொரு லாபமும் உண்டு. உள்ளே வரிசையாக இருக்கும் செல்களில் ஒன்று மட்டும் பின்தங்கியிருந்தால், செல்களைச் சமப்படுத்தும் வேலை பெரும்பாலும் கடைசிச் சில சதவீதத்தில்தான் நடக்கும். தனி பேட்டரி என்றால் 14.4 வோல்ட்டில் கொஞ்ச நேரம் நிற்க விடுங்கள். சோலார் மட்டும் நம்பி, ஒருநாளும் முழுசாக நிறையாத பேட்டரியில்தான் இந்தத் திடீர் சாவு வரும்.

டெர்மினலில் 0 வோல்ட்

செத்துப்போய்விட்டது என்று எடைக்குப் போடாதீர்கள். ஒவ்வொரு செல்லும் 2.5 வோல்ட் அளவுக்கு இறங்கியதும் பி.எம்.எஸ். கதவைச் சாத்திவிடும். உள்ளே 10 வோல்ட் இருந்தாலும் வெளியே மீட்டர் பூஜ்யமோ இரண்டு மூன்று வோல்ட்டோ காட்டும். எல்லா லோடையும் கழற்றுங்கள். ஒரு சின்ன விளக்கு ஒட்டியிருந்தால்கூட எழுப்பியவுடன் மறுபடி தூங்கிவிடும். லித்தியம் சார்ஜரில் 0 வோல்ட் வேக்-அப் வசதி இருந்தால் மாட்டினாலே போதும். இல்லையென்றால், நல்ல 12 வோல்ட் பேட்டரி ஒன்றை ஃபியூஸ் வைத்த ஒயரில் பிளஸ்ஸுக்குப் பிளஸ், மைனஸுக்கு மைனஸ் சில நொடிகள் தொடுத்து, கதவு திறந்ததும் எடுத்துவிட்டு உடனே சார்ஜரை மாட்டுங்கள்.

சோலார் எழுப்பிவிடும் என்று காத்திருப்பதில் பலனில்லை. கன்ட்ரோலர் பேட்டரியின் வோல்ட்டைப் பார்த்துத்தான் தானே உயிர் பெறும். பேட்டரி தூங்கினால் அதுவும் தூங்கும். பல மாதம் இந்த நிலையில் கிடந்த பேட்டரி எழுந்தவுடன் மறுபடி மறுபடி விழுந்தால் விட்டுவிடுங்கள், செல் உள்ளே கெட்டிருக்கும். வண்டியை நீண்ட நாள் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் பேட்டரியைப் பாதி சார்ஜில் விட்டு, மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டுப் போங்கள்.

நாள் முழுக்க வண்டி ஓடியும் சார்ஜ் ஏறவில்லை

பவர் ஸ்டேஷனை 12 வோல்ட் சாக்கெட்டில் மாட்டினால் அது சுமார் 8 ஆம்ப், அதாவது 100 வாட் இழுக்கும். சென்னையிலிருந்து மதுரைக்கு எட்டு மணி நேரம் ஓட்டினாலும் 800 வாட்-மணிதான், அதிலும் கொஞ்சம் வழியில் போய்விடும். பின்னால் ஃபிரிட்ஜும் ஓடினால் மதுரையில் இறங்கும்போது 60 சதவீதம் ஏறியிருப்பதே பெரிது. இது கோளாறே இல்லை, சாக்கெட்டின் அளவு அவ்வளவுதான். கூடுதலாக இழுக்கப் பெரிய ஃபியூஸ் போடாதீர்கள். அந்த ஒயர் அதற்கு ஆனதில்லை.

சுத்தமாகவே ஏறவில்லை என்றால் முதலில் சாக்கெட்டின் ஃபியூஸ், அடுத்து இக்னிஷன் ஆனில் இருக்கும்போதுதான் அதில் கரண்ட் வருகிறதா என்று பாருங்கள். அதுவும் சரியாக இருந்து, டி.சி.-டி.சி. சார்ஜர் (என்ஜின் பக்கத்துக் கரண்டைப் பேட்டரிக்கு ஏற்ற வோல்ட்டாக மாற்றும் கருவி) வைத்தும் விட்டு விட்டு ஏறினால் ஆல்டர்னேட்டரை, அதாவது என்ஜினோடு சுழன்று கரண்ட் உண்டாக்கும் டைனமோவைக் கவனியுங்கள். 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ்.6 விதிக்குப் பிந்தைய வண்டிகள் பலவற்றில், டீசலை மிச்சப்படுத்த ஆல்டர்னேட்டர் தன் வோல்ட்டை அவ்வப்போது இறக்கிக்கொள்ளும். பழைய வண்டியில் நிலையாக 14 இருந்த இடத்தில் இது 12.6-க்கும் வரும். டி.சி.-டி.சி. சார்ஜர் "என்ஜின் அணைந்துவிட்டது" என்று நினைத்துத் தானும் அணைந்துவிடும். தீர்வு, சார்ஜரின் இக்னிஷன் சிக்னல் ஒயரை மாட்டி, ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர் அமைப்பை ஆன் செய்வது. அந்த ஒயரை எங்கே மாட்ட வேண்டும் என்பதை நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் விடுங்கள். "அண்ணே, டைனமோ வீக்கு, மாத்திடலாம்" என்று எடுத்தவுடனே சொல்பவரிடம் மட்டும் வேண்டாம்.

20 ஆம்ப் டி.சி.-டி.சி. சார்ஜர் மணிக்கு 250 வாட்-மணி ஏற்றும். நாலரை மணி நேரப் பயணத்தில் பெட்டி நிறையும். லித்தியம் பேட்டரியை ஆல்டர்னேட்டருக்கு நேராகக் கொடுப்பதைத் தவிருங்கள். அது இழுக்கிற இழுப்பில், அதுவும் வண்டி நின்ற இடத்தில் என்ஜின் ஓடும்போது, ஆல்டர்னேட்டர் தன்னைக் குளிர்விக்க முடியாமல் கருகும். சார்ஜுக்காக என்ஜினை ஓடவிட்டு உள்ளே தூங்குவது உயிரோடு விளையாடுவது. புகை உள்ளே வந்தால் தூக்கத்தில் தெரியாது.

200 வாட் பேனல், 20 வாட்தான் வருகிறது

பேட்டரி எத்தனை சதவீதம் என்று முதலில் பாருங்கள். 95-ஐத் தாண்டியிருந்தால் கன்ட்ரோலரே குறைத்துக்கொள்ளும். இல்லையென்றால் ஒரு கெட்டிலை ஓடவிடுங்கள். வாட் ஏறினால் பேனல் நன்றாகத்தான் இருக்கிறது.

ஏறவில்லை என்றால் நிழல். தென்னை மரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு, மட்டையின் நிழல் கோடு கோடாகத்தானே விழுகிறது என்று நினைக்கக் கூடாது. பேனலின் செல்கள் வரிசையாகக் கோத்தவை. ஒரு செல் மறைந்தால் அந்த வரிசை முழுக்க முடங்கும். மேலே கட்டிய லக்கேஜ் கேரியரின் கம்பி நிழலுக்கும் இதே பலன்தான். இரண்டு பேனலைத் தொடராகக் கோத்து ஒன்றில் நிழல் விழுந்தால் இழப்பு இன்னும் பெரிது. அடிக்கடி மர நிழலில் தங்குகிறவர்கள் இணையாகக் கோப்பது நல்லது. தனுஷ்கோடி, வேதாரண்யம் பக்கம் தங்கினால் கண்ணாடி மேல் உப்புப் படிந்து மங்கலாகிவிடும். காலையில் நல்ல தண்ணீர் ஊற்றித் துடைத்தால் போதும். சூடேறிய கண்ணாடியில் மத்தியானம் ஊற்ற வேண்டாம்.

ஐரோப்பிய வேன்காரர்கள் "பேனலைச் சாய்த்து வை" என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். அவர்கள் ஊருக்கு அது சரி. சென்னையில் ஏப்ரல் இறுதியிலும் ஆகஸ்ட் நடுவிலும் மத்தியானச் சூரியன் நேர் தலைக்கு மேல் வரும். கூரையில் படுத்திருக்கும் பேனலுக்குக் கோடையில் பெரிய நஷ்டம் கிடையாது. மார்கழி, தை மாதத்தில் தெற்கே சாய்த்தால் பலன் தெரியும். நமக்கு நஷ்டம் வருவது சூட்டால்தான். செல் 65 டிகிரி வரை போகும்போது ஏழில் ஒரு பங்கு போய்விடும். கூரைக்கும் பேனலுக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி விட்டுக் காற்று ஓடவிடுங்கள். 100 வாட் பேனலிலிருந்து நல்ல வெயிலில் 70 வந்தால் நிம்மதியாக இருக்கலாம்.

இவ்வளவும் பார்த்தாயிற்று, இன்னும் வரவில்லை என்றால் பேனலைக் கன்ட்ரோலரிலிருந்து கழற்றி வெயிலில் வோல்ட் அளக்கவும். பின்பக்க ஸ்டிக்கரில் ஓ.சி. வோல்ட் (Voc, லோடு இல்லாதபோது பேனல் தரும் வோல்ட்) என்று போட்டிருப்பதற்கு அருகில் வந்தால் பேனல் சரி, பேனல் ஒயர்களை இணைக்கும் எம்.சி.4 கனெக்டரைத் திறந்து பாருங்கள். நன்றாக "டிக்" என்று பூட்டாத கனெக்டருக்குள் தண்ணீர் இறங்கிப் பச்சை பூத்திருக்கும். புதிதாகப் பேனல் சேர்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: தொடராகக் கோத்தால் வோல்ட் கூடும். பெட்டியின் உள்வாங்கும் எல்லை 60 வோல்ட் என்றால், 24 வோல்ட் ஓ.சி. உள்ள பேனல் மூன்றைத் தொடராகக் கோத்தால் 72 போய் உள்ளே எரியும். மலைக்குளிரில் அந்த வோல்ட் இன்னும் ஏறும். ஆம்ப் கூடினால் பெட்டி தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளும், வோல்ட் கூடினால் அது செய்வதற்கு ஒன்றுமில்லை.

காலையில் ஏறுகிறது, உச்சி வெயிலில் சார்ஜ் நின்றுவிடுகிறது

சோலாரைச் சந்தேகிக்காதீர்கள், பெட்டியைத் தொட்டுப் பாருங்கள். லித்தியம் செல்லைச் சார்ஜ் செய்வதற்கு மேல் எல்லை பல பெட்டிகளில் 45 டிகிரி. கத்திரி வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய வேனுக்குள் அதைத் தாண்டிவிடும். பேனலுக்கு நல்ல வெயில் கிடைக்கிற அதே நேரத்தில் பெட்டி சார்ஜை மறுக்கும். மடிப்புப் பேனலின் நிழலிலேயே பெட்டியை வைக்கலாம், சீட்டுக்கு அடியில் தரையோடு வைக்கலாம். மூடிய அலமாரிக்குள் வைத்தால் அதன் விசிறி தன் சூட்டையே மறுபடி உறிஞ்சும். பக்கவாட்டுத் துளைகளைப் பெட்ஷீட் மறைக்காமல் பாருங்கள்.

குளிரில் இது தலைகீழ். பூஜ்யத்துக்குக் கீழே லித்தியம் பேட்டரி லோடு கொடுக்கும், சார்ஜ் மட்டும் ஏற்கக் கூடாது. ஏற்றினால் உள்ளே உலோகமாகப் படிந்து செல் நிரந்தரமாகக் கெடும். நல்ல பி.எம்.எஸ். தானே தடுத்துவிடும், அதுதான் லடாக்கிலும் ஸ்பிட்டியிலும் "காலையில் பேட்டரி ஏறவில்லை" என்று வரும் புலம்பலின் காரணம். ஊட்டியில் உறைபனி விழும் டிசம்பர், ஜனவரி விடியலிலும் வண்டிக்கு வெளியே இருக்கும் பேட்டரிக்கு இது நடக்கலாம். பெட்டியைப் படுக்கைப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் உள்ளே சூடு பரவிய பிறகு சார்ஜ் தானாகத் தொடங்கும்.

மிக்ஸியைப் போட்டால் பீப் பீப், எல்லாம் ஆஃப்

750 வாட் மிக்ஸி கிளம்பும் நொடியில் அதைவிடப் பல மடங்கு இழுக்கும். 1000 வாட் இன்வெர்ட்டர் ஒரு நொடிக்கு 2000 கொடுக்கும் என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் சமாளிக்கும். தேங்காயைப் பெரிய துண்டாகப் போட்டு மூன்றாவது வேகத்தில் திருப்பினால் சமாளிக்காது. சின்னத் துண்டு, கொஞ்சம் தண்ணீர், முதல் வேகம்.

இண்டக்ஷன் அடுப்பு வேறு ரகம். "400 வாட்டில் வைத்தேன், அப்பவும் ஓவர்லோடு" என்பார்கள். பல அடுப்புகள் 400 என்று காட்டினாலும் உண்மையில் 1000 வாட்டுக்கு மேல் சில நொடி ஓடி, சில நொடி நின்று, சராசரியைத்தான் 400 ஆக்குகின்றன. பெட்டியின் திரையில் வாட் எண் குதிப்பதைப் பார்த்தால் தெரிந்துவிடும். வீட்டுக் கரண்டின் அலையைத் துல்லியமாகத் தராத மாடிஃபைடு சைன் வேவ் இன்வெர்ட்டரில் இண்டக்ஷன் பெரும்பாலும் ஓடவே ஓடாது, ஃபேன் ரீங்காரம் போடும். என் அபிப்பிராயம், ஒரு யூனிட் பெட்டியை வைத்துக்கொண்டு சோறு வடிக்க நினைக்காமல், சின்ன கேஸ் அடுப்பை ஜன்னல் திறந்து பயன்படுத்துங்கள்.

தனி இன்வெர்ட்டர் வைத்தவர்களுக்கு, ஓவர்லோடு இல்லாமல் "லோ பேட்டரி" என்று கத்தினால், மறுபடி ஒயர்தான். 12 வோல்ட்டில் 1000 வாட் எடுக்க 90 ஆம்ப் ஓட வேண்டும். அதற்கு 25 அல்லது 35 ஸ்கொயர் ஒயர், நன்றாக அழுத்திய லக், ஒரு மீட்டருக்குள் தூரம் வேண்டும். சுத்தியால் தட்டி நசுக்கிய லக்கை மிக்ஸி ஓடி முடித்ததும் தொட்டுப் பாருங்கள். ஒயரைவிட லக் சூடாக இருந்தால் அதை வெட்டிப் போட்டுவிட்டு, ஹைட்ராலிக் க்ரிம்பர் வைத்திருப்பவரிடம் புதிதாக அடித்துக்கொள்ளுங்கள். அந்த ஒயரில் வீட்டு எம்.சி.பி. போட்டிருந்தால் அதையும் எடுங்கள், அது டி.சி. பொறியை அணைக்கத் தெரியாத ரகம்.

லாட்ஜில், தாபாவில் சார்ஜ் போட்டால் பிளக் சுடுகிறது, சில சமயம் சுர்ரென்கிறது

வேகச் சார்ஜ் 1200 வாட் என்றால் 230 வோல்ட்டில் 5 ஆம்புக்கு மேல். கிராமத்து லைனில் 190 வோல்ட்தான் வருகிறது என்றால் 6-ஐத் தாண்டும். பழைய 5 ஆம்ப் சாக்கெட் ஒரு மணி நேரம் தாங்காது. ஆப்பில் சார்ஜ் வேகத்தை 400-க்கு இறக்குங்கள், ராத்திரி முழுக்க நேரம் இருக்கிறது. உலோகப் பாகத்தைத் தொட்டால் லேசாகச் சுர்ரென்றால் அந்த சாக்கெட்டின் மூன்றாவது துளையில் எர்த் இல்லை. வேறு சாக்கெட் கேளுங்கள். உண்மையான கசிவா, சாதாரண அடாப்டர் கசிவா என்று தொட்டுப் பார்த்துத் தீர்மானிக்க முடியாது.

காலையில் வண்டியே செல்ஃப் எடுக்கவில்லை

ராத்திரி முழுக்க ஏதோ ஒன்று வண்டியின் பேட்டரியிலிருந்து ஓடியிருக்கிறது. சாவி எடுத்த பிறகும் உயிரோடு இருக்கும் சாக்கெட்டில் பவர் ஸ்டேஷனைச் சார்ஜுக்கு மாட்டி விட்டிருப்பீர்கள். சாவியோடு அணையும் சாக்கெட்டுக்கு மாற்றுங்கள். பவர் ஸ்டேஷனின் 12 வோல்ட் துளையிலிருந்து ஜம்ப் கொடுத்து ஸ்டார்ட் செய்ய முயலாதீர்கள். அது 10 ஆம்ப் கொடுக்கும், ஸ்டார்ட்டர் கேட்பது நூற்றுக்கணக்கில். வேறு வண்டியிலிருந்து ஜம்ப் எடுங்கள்.

எதிலுமே சேரவில்லை

எல்லா லோடையும் கழற்றிவிட்டுப் பெட்டியை மட்டும் முழுசாகச் சார்ஜ் செய்து ஒரு ராத்திரி விடுங்கள். தானாகவே ஐந்து சதவீதத்துக்கு மேல் இறங்கினால் கோளாறு உள்ளே. இறங்கவில்லை என்றால் ஒரு நாளைக்கு ஒரு பொருள் வீதம் திரும்ப மாட்டுங்கள். எந்தப் பொருளோடு கோளாறு திரும்பி வருகிறதோ அதன் ஒயரிலிருந்து தொடங்குங்கள்.

உள்ளேதான் கோளாறு என்று தெரிந்து வாரண்டிக்கு அனுப்புவதாக இருந்தால், லோடு இல்லாத வோல்ட், லோடு இருக்கும்போது வோல்ட், அப்போது எத்தனை வாட், வேனுக்குள் என்ன சூடு என்ற நான்கையும் திரையின் வீடியோவோடு அனுப்பிவிடுங்கள். வெறும் "சார்ஜ் நிக்கலை" என்று எழுதினால் "ரீசெட் செய்து பாருங்கள்" என்ற பதிலுக்கே ஒரு வாரம் போகும்.